பாடசாலையில் குப்பையைத் தரம் பிரிக்கப் பழக்குதல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பின் மணல் வளவுப் பாடசாலைகளில், காலை மணி அடிப்பதற்கு முன்னரே பிள்ளைகள் ஈர்க்கில் கட்டுடன் முற்றம் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். கூட்டி முடித்த குவியலைக் குனிந்து பார்த்தால், வேப்பஞ்சருகு, பென்சில் சீவல், டொபி உறை, பால் பக்கற், மை முடிந்த பேனை, நசுங்கிய தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மணலோடு மணலாகக் கலந்து கிடக்கும். இவற்றில் சருகு எருவாகலாம், போத்தல் விலைக்குப் போகலாம், டொபி உறையை எடுப்பதற்கு எவரும் இல்லை. ஆனால் ஒரே குவியலாகச் சேர்ந்த பின்னர், எதற்கும் பயனில்லாத குப்பையாகவே அவை அனைத்தும் வளவை விட்டுப் போகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் நான்கு நிறத் தொட்டிகளை வைத்து, சுவரொட்டி ஒட்டி, காலைக் கூட்டத்தில் விளக்கமும் கொடுத்தோம். மூன்றாவது வாரம் தரம் 7இல் படித்த மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், நாங்க பிரிச்சுப் போட்டதெல்லாத்தையும் பின்னால கிடங்கில ஒண்டாக் கொட்டி எரிக்காங்க" என்றாள். முறைப்பாடாக அவள் அதைச் சொல்லவில்லை. அப்படியானால் எதற்காகப் பிரிக்கிறோம் என்று உண்மையாகவே கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தவணை முடிவதற்குள் நான்கு தொட்டிகளிலும் ஒரே குப்பைதான் கிடந்தது. கீழே உள்ள ஒழுங்குமுறை அந்தத் தோல்விக்குப் பின்னர் திருத்தித் திருத்தி உருவாக்கியது. ஆகவேதான் இது தொட்டியிலிருந்து தொடங்காமல், குப்பை போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

முதலாம் படி: எது எங்கே போகும் என்று விசாரித்தல்

தொட்டி வாங்குவதற்கு முன்னர் இரண்டு வாரங்களை விசாரணைக்கென ஒதுக்குங்கள். உங்கள் மாநகர சபையோ, நகர சபையோ, பிரதேச சபையோ எந்த நாளில் வருகிறது, பிரித்து வைத்த குப்பையை உழவு இயந்திரத்தில் வேறாக ஏற்றுகிறதா, அல்லது பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறதா என்பதை அலுவலகத்தில் கேட்பதோடு, வாகனத்துடன் வரும் தொழிலாளர்களிடமும் கேளுங்கள். அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட வாகனத்தோடு வருபவர்களின் பதிலே பெரும்பாலும் உங்களுக்கு உதவும். அடுத்து, பழைய இரும்பு, போத்தல், கடதாசி வாங்கும் வியாபாரியிடம் மாதிரிப் பொருட்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். யோகட் கோப்பையை எடுப்பாரா, நனைந்த அட்டைப்பெட்டியை எடுப்பாரா, எத்தனை கிலோ சேர்ந்தால் பாடசாலைக்கே வந்து ஏற்றுவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

கிடைத்த விடைகளை ஒரே தாளில் எழுதி அதிபரிடம் ஒப்புதல் பெறுங்கள். எடுத்துச் செல்ல ஆள் இல்லாத பொருளுக்குத் தனித் தொட்டி வைக்கவே கூடாது. அப்படி வைத்தால், ஒரு மாதத்தில் அது நிரம்பி வழிந்து, பின்னர் மற்றக் குப்பையோடு கலந்து, முழு முயற்சியின் மீதும் பிள்ளைகளுக்குள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும். எரிப்பதையும் இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. பின்வளவில் புகை எழுந்துகொண்டிருக்கையில் வகுப்பறையில் எந்த விளக்கமும் எடுபடாது.

இரண்டாம் படி: ஒரு நாள் குப்பையைத் திறந்து பார்த்தல்

விளையாட்டுப் போட்டியோ விழாவோ இல்லாத சாதாரண நாளொன்றைத் தெரிவுசெய்து, அன்று சேரும் குப்பை முழுவதையும் அடுத்த நாள் காலையில் மாமர நிழலில் பழைய உரப்பைகளை விரித்துக் கொட்டுங்கள். பிள்ளைகள் கை வைப்பதற்கு முன்னர், உடைந்த கண்ணாடி, பிளேட், ஊசி போன்றவற்றைப் பெரியவர் ஒருவர் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கையுறை கட்டாயம், காயமுள்ள கையுடன் எவரையும் சேர்க்கக் கூடாது. தரம் 8, 9 மாணவர் பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

குவித்த ஒவ்வொரு வகையையும் தொங்குதராசில் நிறுத்து எழுதச் செய்யுங்கள். அத்தோடு எத்தனை உரப்பை நிரம்பியது என்பதையும் எழுதச் செய்யுங்கள். சாப்பாட்டு மிச்சமும் ஈரச் சருகும் நிறையால் முந்தும்; பொலித்தீனும் வெற்றுப் போத்தலும் நிறையில் மிகக் குறைந்து, இடத்தை அடைப்பதில் முந்தும். இந்த இரண்டு கணக்கும் தனித்தனியே தெரிந்தால்தான் எங்கே பெரிய தொட்டி, எங்கே சிறிய தொட்டி என்று முடிவெடுக்கலாம். சுற்றாடல் முன்னோடிக் குழு உள்ள பாடசாலையானால், இந்தக் கணக்கெடுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

மூன்றாம் படி: தொட்டியும் அதன் இடமும்

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நிறமுறையில் பச்சை உக்கும் கழிவுக்கும், நீலம் கடதாசிக்கும், செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீன் என்பவற்றுக்கும், சிவப்பு கண்ணாடிக்கும், கபிலம் உலோகத்துக்கும் சிரட்டைக்கும் உரியவை. நிறங்களை மாற்றாதீர்கள், பிள்ளை வைத்தியசாலைக்கோ சந்தைக்கோ போனாலும் இதே நிறங்களையே காண வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து தொட்டி வைப்பது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து. வகுப்பறையில் பெரும்பாலும் கடதாசிதான் சேர்கிறது. ஆகவே அங்கே ஒரு நீலத் தொட்டியும், எதற்கும் போகாத பொருட்களுக்கென "மிச்சம்" என்று எழுதிய ஒரு தொட்டியும் போதும். சிற்றுண்டிச்சாலைக்கு அருகிலும் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்திலும் பச்சைத் தொட்டி வேண்டும். ஐந்து நிறமும் கூடிய முழு வரிசையை, எல்லோரும் கடந்துபோகும் ஓரிடத்தில், கூரையின் கீழே வையுங்கள். "மிச்சம்" தொட்டியை வைக்கச் சிலர் வெட்கப்படுகிறார்கள். அது இல்லாவிட்டால் டொபி உறையும் துடைத்த ரிசுவும் நீலத் தொட்டிக்குள்தான் போகும். தனித்து நிற்கும் எந்தத் தொட்டியும் நாளடைவில் எல்லாக் குப்பைக்கும் உரிய தொட்டியாகிவிடுவதால், எப்போதும் இரண்டாவது ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொட்டியின் முகப்பில் எழுத்து மட்டும் போதாது. உங்கள் வளவில் உண்மையில் கிடைத்த பொருட்களையே கழுவி உலர்த்தி, கம்பியால் மூடியில் கட்டிவிடுங்கள். தரம் 1 பிள்ளைகூட அதைப் பார்த்துப் போடும்.

நான்காம் படி: பொருளைக் கையில் கொடுத்துக் கற்பித்தல்

இதற்கு நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றும் ஒரு சாக்கும் வேண்டும். சாக்குக்குள் முப்பது பொருட்கள் இருக்கட்டும். அவற்றில் எளிதானவை பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தல் எந்தத் தொட்டிக்குரியது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் தயங்குவது சந்தேகத்துக்குரிய பொருட்களில்தான். ஆகவே பாடமும் அந்தச் சந்தேகங்களிலேயே நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கப் பழக்குங்கள். இது எதனால் ஆனது? இது சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கிறதா? இதை எடுக்க ஆள் இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்குரிய விடை முதலாம் படியில் நீங்கள் எழுதிய தாளில் இருக்கிறது. அதைக் கரும்பலகைக்கு அருகில் ஒட்டிவிடுங்கள்.

முதலில் ஒரு சாப்பாட்டுப் பார்சலை எடுங்கள். வெளியே பத்திரிகைத் தாள், உள்ளே லஞ்ச் சீற், அதற்குள் ஒட்டிய சோறும் பருப்பும், ஓரத்தில் மீன்முள், ஒரு கறிவேப்பிலை. பிள்ளை இதை அப்படியே சுருட்டி எறிந்தால், அது எந்தத் தொட்டியில் விழுந்தாலும் பிழைதான். மேசையில் விரித்து, சோற்றையும் முள்ளையும் பச்சைத் தொட்டிக்குள் வழித்துவிட்டு, எண்ணெய் படாத பத்திரிகைத் தாளை நீலத்தில் போட்டு, லஞ்ச் சீற்றை "மிச்சம்" தொட்டிக்குள் இடுவதை நீங்களே செய்து காட்டுங்கள். பொலித்தீன் லஞ்ச் சீற் 2017இல் தடைசெய்யப்பட்ட பின்னர், உக்கக்கூடியது என்று சொல்லி விற்கப்படும் சீற்றுகள் வந்துள்ளன. அவற்றையும் எங்கள் கூட்டெருக் குவியலில் இட்டுப் பார்த்தோம். சருகு எருவான காலத்தில் அவை தாள் தாளாக அப்படியே கிடந்தன. ஆகையால் பாடசாலைக் குவியலில் அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். வாழையிலையில் கட்டி வருவதை ஊக்குவிக்கலாம்.

சாப்பாடு ஒட்டிய பொலித்தீன் ஏன் தனியாகக் கவனிக்கத்தக்கது என்பதற்கு நம் பக்கத்திலேயே வேதனையான சான்று உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் யானைகள் உணவு மணத்துக்கு வந்து பொலித்தீனோடு சேர்த்தே விழுங்குகின்றன. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அவ்வாறு இறந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. சோற்றை வழித்தெடுத்துவிட்ட சீற்றில் யானையை இழுக்கும் மணம் குறைவு என்பதைப் பிள்ளைகள் கேட்டவுடனேயே விளங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து ஒரு பேசினில் தண்ணீர் எடுங்கள். சோடாப் போத்தலின் உடலிலிருந்து சிறு துண்டொன்றையும், அதன் மூடியிலிருந்து சிறு துண்டொன்றையும் வெட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். உடலின் துண்டு அடியில் போய்ப் படியும். மூடியின் துண்டு மேலே மிதக்கும். போத்தல் பெற் (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. மூடி பொலிஎதிலீனாலோ பொலிபுரொப்பிலீனாலோ ஆனது. அவை தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை. எல்லாம் பிளாஸ்டிக்தானே என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் முக்கோணக் குறிக்குள் 1, 2, 5, 6 என்று இலக்கம் இருப்பது ஏன் என்று தானாகவே தேடத் தொடங்கும். எனக்குத் தெரிந்த அளவில், இந்த ஒரு சோதனை பத்துச் சுவரொட்டிகளுக்கு ஈடு.

மூன்றாவது சோதனை பிஸ்கட் பக்கற்றுக்கு. உள்ளே வெள்ளியாக மினுங்குவதால் பலரும் அதை உலோகம் என்று நினைக்கிறார்கள். கையில் கசக்கி விடச் சொல்லுங்கள். கசக்கியபடியே நின்றால் அது அலுமினியத் தாள்; மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால், அது உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக். பின்னையது "மிச்சம்" தொட்டிக்கு உரியது. பெட்டி வடிவப் பால் பக்கற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி ஓரத்தைக் காட்டுங்கள். அட்டை, பொலித்தீன், அலுமினியம் ஆகிய மூன்றும் ஒட்டியிருப்பதால், அதை நீலத் தொட்டியில் போட முடியாது. வாங்குபவர் கிடைத்தால் தனியாகச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் அதுவும் மிச்சந்தான்.

கடதாசிக்கு வாழைச்சேனை உதாரணம் கைகொடுக்கும். நம் மாவட்டத்திலேயே உள்ள வாழைச்சேனைக் கடதாசி ஆலை, வைக்கோலையும் கழிவுக் கடதாசியையும் கூழாக்கித் தாள் செய்த ஆலை என்பதைச் சொல்லிவிட்டு, பழைய கொப்பித் தாளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிசையச் சொல்லுங்கள். அது நாராகக் கரையும். வடை சுற்றிய எண்ணெய்த் தாளையும், பிளாஸ்டிக் ஒட்டிய கொப்பி அட்டையையும் அதேபோல் பிசைந்தால், முதலாவதில் எண்ணெய் மிதக்கும், இரண்டாவதில் தோல் உரிந்து மிஞ்சும். கடைப் பற்றுச்சீட்டின் வழுவழுப்பான தாளும், பயன்படுத்திய ரிசுவும் ஏன் நீலத்துக்குரியவை அல்ல என்பதை இதன் பின்னர் சொல்வது இலகு.

தயிர்ச் சட்டி நம் ஊருக்கே உரிய சந்தேகம். உடைந்தால் கண்ணாடித் தொட்டியில் போட வேண்டுமென்று பிள்ளைகள் சொல்வார்கள். சுட்ட மண் கண்ணாடியோடு சேர்ந்து உருகாது, உக்கவும் உக்காது. உடையாத சட்டியில் நாற்று நடலாம். உடைந்த துண்டுகளைப் பூச்சாடியின் அடியில் இடலாம். அதேபோல் குடிக்கும் கண்ணாடிக் குவளை, முகம் பார்க்கும் கண்ணாடி, மின்குமிழ் மூன்றும் போத்தல் கண்ணாடியோடு சேர்க்கத் தகாதவை.

ஐந்தாம் படி: கழுவுதல், உலர்த்துதல், மழைக்காலம்

யோகட் கோப்பையின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு கரண்டி யோகட், சாக்கு முழுவதிலும் உள்ள கடதாசியைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யப் போதும். அதற்காகக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் முதலில் சுத்தமானவற்றையும் பின்னர் அழுக்கானவற்றையும் அலசி, சவர்க்காரம் சேராத அந்தத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, கோப்பைகளைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

வாடைக் காற்றோடு வரும் மாரியில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, நிலைமை வேறு. திறந்த வெளியில் நிற்கும் செம்மஞ்சள் தொட்டி ஒரே இரவில் நுளம்புத் தொட்டியாகிவிடும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே போத்தலை நசுக்கி மூடியை இறுக்கியோ, கவிழ்த்தோ வைக்க வேண்டும். சேர்த்த பொருட்களைத் தரையிலிருந்து உயர்த்தி, கூரையின் கீழே வைக்க வேண்டும். வாராவாரம் பார்க்க வேண்டும். பெருமழைக்கு முன்னரே வியாபாரியை அழைத்துச் சேர்த்ததை அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. கானுக்கருகில் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் அது கானால் வாவிக்குப் போய், பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலில் சேரும்.

ஆறாம் படி: உக்குவதை வளவிலேயே முடித்தல்

பச்சைத் தொட்டியில் சேர்வது வெளியே போகத் தேவையில்லை. ஒரு பங்கு சாப்பாட்டு மிச்சத்துக்கும் மரக்கறித் தோலுக்கும் மேலே இரண்டு மூன்று பங்கு உலர்ந்த சருகை இட்டு, பழைய எருவோ மண்ணோ ஒரு பிடி தூவி, வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடியை எடுத்து இறுக்கினால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாறினால் சருகு போதாது. காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதாது. மீன், இறைச்சி மிச்சங்களை நாயும் காகமும் கிளறுவதால், அவற்றை ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கிடைக்கும் எரு, தண்ணீரைப் பிடித்து வைக்காத நம் கடற்கரை மணலில் கத்தரியும் வெண்டியும் வளர்வதற்கு மிகவும் உதவும். முற்றம் கூட்டும்போது, சருகை முதலில் கையால் வாரி எடுத்த பின்னரே மற்றதைக் கூட்ட வேண்டும் என்ற ஒரு பழக்கம், எருவுக்குள் டொபி உறை வருவதைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஏழாம் படி: பொறுப்பும் திருத்தமும்

தரம் பிரிக்கும் வேலையைத் தண்டனையாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிந்தி வந்தவனையும் வீட்டுவேலை செய்யாதவளையும் குப்பையருகே நிறுத்தினால், இந்த வேலை இழிவானது என்பதையே முழு வகுப்பும் படிக்கும். அதைவிடப் பாரதூரமான ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். துப்புரவு வேலையைக் குறிப்பிட்ட குடும்பங்களுக்குரியதாக நினைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இன்னும் அழியவில்லை. முறைப்பட்டியலில் எல்லாப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், மாணவத் தலைவரும், வாரத்தில் ஒரு நாளாவது ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும். நாளாந்தம் குப்பையைக் கையாளும் சுத்திகரிப்புத் தொழிலாளரை வகுப்புக்கு அழைத்து, எந்தக் கலப்படம் அவருடைய கையை வெட்டுகிறது என்று அவரே சொல்லக் கேட்கச் செய்தால், கண்ணாடியைத் தாளில் சுற்றிப் போட வேண்டும் என்பதை நீங்கள் மறுபடி சொல்ல வேண்டியிராது.

பிள்ளை பிழையான தொட்டியில் போட்டதைக் கண்டால், பெயர் சொல்லி அழைத்து ஏசாமல், அருகே போய், "மகன், இது எதால செஞ்சது?" என்று முதலாவது கேள்வியை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மற்ற இரண்டையும் பிள்ளையே கேட்டு, பொருளை எடுத்து மாற்றிப் போடும். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மாணவர் ஏதாவது ஒரு தொட்டியிலிருந்து இருபது பொருட்களை எடுத்து, எத்தனை பிழை என்று எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். எந்த வகுப்புப் பிழை விட்டது என்பதைத் தேடாமல், எந்தப் பொருள் அடிக்கடி பிழைக்கிறது என்பதைக் கவனியுங்கள். திங்கள் காலைக் கூட்டத்தில் அந்த ஒரு பொருளை உயர்த்திக் காட்டி, ஒரு நிமிடத்துக்குள் விளக்கினால் போதும். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே பொருள் வந்தால், பிழை பிள்ளைகளிடம் இல்லை. தொட்டி நிற்கும் இடத்தையோ அதன் அடையாளத்தையோ மாற்ற வேண்டும்.

எட்டாம் படி: பிள்ளைகள் கை வைக்கக் கூடாதவை

மின்குமிழ், குழல் விளக்கு, மின்கலம், பழுதடைந்த கணினிப் பாகம், விஞ்ஞான ஆய்வுகூட இரசாயனம், மருந்து ஆகியவற்றை மாணவர் பிரிக்கக் கூடாது. குழல் விளக்கிலும் சுருள் மின்குமிழிலும் பாதரசம் உண்டு. உடையாமல் பழைய அட்டைப்பெட்டியில் இட்டு, அலுவலகத்தில் பூட்டி வைத்து, சபை எடுக்கும்போது கையளியுங்கள். மாணவியரின் மலசலகூடத்தில் சுகாதார அணையாடைகளுக்கென மூடியுள்ள தனித் தொட்டியும், சுற்றுவதற்குப் பழைய தாளும் இருக்க வேண்டும். அதை எவர், எப்போது, எவ்வாறு அகற்றுவார் என்பதை ஆசிரியை ஒருவர் பொறுப்பெடுத்து ஒழுங்குசெய்ய வேண்டும். முறைப்பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஒன்பதாம் படி: அடுத்த வகுப்புக்குக் கையளித்தல்

முதல் மாதத்தில் விற்ற பணம் மிகச் சிறிதாகவே இருக்கும். இதைப் பிள்ளைகளிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். கிடைத்ததைக் கொப்பியில் எழுதி, அதைக் கொண்டு கையுறையோ விதையோ அவர்கள் கேட்ட பொருளையோ வாங்கிக் காட்டுங்கள். ஆண்டு முடியும்போது அந்தக் கொப்பி, வியாபாரியின் தொலைபேசி இலக்கம், சபை வாகனம் வரும் நாள், சந்தேகப் பொருட்கள் நிறைந்த சாக்கு ஆகிய நான்கையும் தரம் 9 மாணவர் அடுத்து வருவோரிடம் ஒப்படைக்கட்டும். புதிய தரம் 6 மாணவருக்கு முதற் பாடத்தை அவர்களே எடுக்கட்டும். ஆசிரியர் பின்வாங்கில் இருந்தால் போதும். பொதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், சாக்கில் உள்ள பழையவற்றில் பத்தை எடுத்துவிட்டு, அந்த மாதம் சிற்றுண்டிச்சாலையில் புதிதாக விற்கும் பத்துப் பொருட்களின் உறைகளைக் கழுவிக் காயவைத்து உள்ளே போட்ட பின்னரே பாடத்தைத் தொடங்க வேண்டும்.